கூட்டுக்கு மேலே ட்ரோன்: ஏரிப் பறவைகளை வானிலிருந்து எண்ணலாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வாக்கில் வனத்துறை ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பை நடத்தும்போது இரண்டு குரல்கள் எழுகின்றன. “விடியற்காலையில் பைனாகுலரும் கையுமாக இத்தனை பேர் கரையில் நிற்பதற்கு, ஒரு ட்ரோன் விட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடாதா?” என்பது ஒன்று. “பறவைகள் சரணாலயத்தில் ட்ரோனா? கூடவே கூடாது” என்பது மற்றொன்று.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கோடியக்கரையின் திறந்த சதுப்பில் பூநாரைகளை எண்ண ட்ரோன் நல்ல கருவி. அதே ட்ரோன் வேடந்தாங்கலில் குஞ்சு பொரிக்கும் மாதத்தில் தாழப் பறந்தால் ஒரே காலையில் பல கூடுகள் பாழாகும். எந்தப் பறவை, எந்த மாதம், எந்த உயரம் என்ற மூன்றையும் சொல்லாமல் “ட்ரோன் சரியா தவறா” என்று கேட்பதில் பொருளில்லை.

## முதலில், எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஈரநிலத்தில் கண்காணிப்பு என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு வேலைகளைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

1. திறந்த நீரில், சேற்றில் நிற்கும் கூட்டத்தின் எண்ணிக்கை. பூநாரை, வாத்து, கூழைக்கடா போன்றவை. இதற்கு ட்ரோன் பொருந்தும்.
2. மரங்களில் உள்ள கூடுகளின் எண்ணிக்கை. ட்ரோன் ஓரளவு உதவும், ஆபத்தும் அதிகம்.
3. இரவில் நடமாடும், நாணலுக்குள் மறையும் விலங்குகள். நீர்நாய், நரி, காட்டுப்பூனை, மீன்பிடிப் பூனை. இங்கே ட்ரோனால் பயனில்லை, தானியங்கிக் கேமராதான் வேண்டும்.
4. வாழிடம். நீர் எதுவரை நிற்கிறது, ஆகாயத்தாமரையும் சம்பும் எவ்வளவு மூடியிருக்கின்றன, சீமைக்கருவேலம் எங்கே பரவுகிறது என்பவை. ட்ரோனின் மிகச் சிறந்த பயன் இதுதான். பறவைகள் போன பிறகு கோடையில்கூடச் செய்யலாம், எந்தக் கூடும் கலையாது. ஆனால் செய்தியில் படம் வருவதென்னவோ பறவைக் கூட்டத்துக்கு மேல் பறக்கும் ட்ரோன்தான்.

## கரையில் நிற்பவருக்கு எது தெரியாது?

கரையில் நிற்பவர் கூட்டத்தைப் பக்கவாட்டில் பார்க்கிறார். முன்வரிசைப் பூநாரைகள் பின்வரிசையை மறைக்கின்றன. வெயில் ஏறிய பிறகு சதுப்பின் மேல் கானல் ஆடும்போது, ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் பறவையின் கால் எங்கே, நீர் எங்கே என்று பிரித்தறிய முடியாது. நூறு நூறாகக் கண்ணால் மதிப்பிட்டுக் கூட்டும்போது, பெரிய கூட்டத்தைக் குறைத்துச் சொல்லும் போக்கு நல்ல அனுபவசாலிகளிடமும் உண்டு.

மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றை ஒன்று மறைப்பதில்லை. படத்தை நிறுத்தி வைத்து எண்ணலாம், இன்னொருவர் மறுபடி எண்ணிச் சரிபார்க்கலாம். இதைச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு அருகே கடற்கரையில் ஆயிரக்கணக்கான பொம்மைப் பறவைகளை வைத்தார்கள். மொத்தம் எத்தனை என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும், எண்ணுபவர்களுக்குத் தெரியாது. தரையில் நின்று எண்ணியதைவிட ட்ரோன் படத்திலிருந்து எண்ணியது 43 முதல் 96 சதவீதம் வரை கூடுதல் துல்லியமாக இருந்ததாக 2018இல் முடிவு வெளியானது.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பொம்மை பறக்காது, மரத்தடியில் ஒளியாது, நீந்தி அடுத்த படத்துக்குள் போகாது. திறந்த மணலுக்கு அந்த முடிவு பொருந்தும். கடப்ப மரக் கிளைகளுக்குள் இருக்கும் வக்கா என்ற இராக்கொக்குக்குப் பொருந்தாது.

## உயரக் கணக்கு

ட்ரோன் கணக்கெடுப்பில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரம். படத்தில் ஒரு பிக்சல், தரையில் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்பதைத் தரைப் பிக்சல் அளவு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்கும் வழி இது: கேமராவில் படம் பதியும் சில்லான சென்சாரின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, வருவதை லென்ஸின் குவியத் தொலைவாலும் படத்தின் அகலப் பிக்சல் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும்.

பலரிடமும் உள்ள ஒரு அங்குல, 20 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். சென்சார் அகலம் 13.2 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 8.8 மில்லிமீட்டர், படம் 5,472 பிக்சல் அகலம், 3,648 பிக்சல் உயரம். அப்போது ஒரு பிக்சல்:

- 40 மீட்டர் உயரத்தில் 1.1 செ.மீ.
- 60 மீட்டரில் 1.6 செ.மீ.
- 100 மீட்டரில் 2.7 செ.மீ.
- 120 மீட்டரில் 3.3 செ.மீ.

நீலச்சிறகி வாத்து சுமார் 40 செ.மீ. நீளம். 60 மீட்டரிலிருந்து அது 24 பிக்சலாகத் தெரியும், 120 மீட்டரிலிருந்து 12 பிக்சல்தான். கொசு உள்ளான் 13 செ.மீ., 60 மீட்டரில் அதற்கு 8 பிக்சல்தான் கிடைக்கும். பறவை ஒன்று இருக்கிறது என்று சொல்லவே உடல் நீளத்துக்குப் பத்துப் பிக்சலாவது வேண்டும், இன்ன இனம் என்று சொல்ல அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே கோடியக்கரைக்கு வரும் சிறிய உள்ளான்களை ட்ரோன் வைத்து இனம் பிரிப்பது வீண் வேலை. அதற்குக் கரையில் முக்காலி போட்ட தொலைநோக்கியும் பழகிய கண்ணும்தான் கருவி. பூநாரைக்கு 100 மீட்டரே போதும், அதன் நிறமும் உருவமும் சேற்றில் தனித்துத் தெரியும்.

இனி முழு ஏரியையும் படம்பிடிக்க எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர், அதாவது 3 லட்சம் சதுர மீட்டர். 60 மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் 90 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் கொண்ட பரப்பை மூடும். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க முன்னும் பின்னும் 80 சதவீதமும், பக்கவாட்டில் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்படியானால் பறக்கும் கோடுகளுக்கு இடையே 27 மீட்டர், படங்களுக்கு இடையே 12 மீட்டர். மொத்தம் 926 படங்கள், 11 கிலோமீட்டர் பறப்பு. இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்றால் வேகம் விநாடிக்கு 6 மீட்டர், திரும்பும் நேரம் சேர்க்காமலே 31 நிமிடம். பேட்டரியில் 28 நிமிடம் என்று எழுதியிருந்தாலும், காற்றுக்கும் பத்திரமாகத் திரும்பி வருவதற்கும் ஒதுக்கியது போக 18 முதல் 20 நிமிடம்தான் நம்பலாம். இரண்டு பேட்டரி கட்டாயம், மூன்றாவது கையில் இருப்பது நல்லது.

ஷட்டர் வேகத்தையும் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 1/250 விநாடி திறந்திருந்தால் படம் 2.4 செ.மீ. இழுபடும், அதாவது ஒன்றரைப் பிக்சல். கொக்கின் அலகு நிறம் அதிலேயே கரைந்துவிடும். 1/1000 வைத்தால் 6 மில்லிமீட்டர்தான்.

இந்த உயரம் எல்லாம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கரையிலிருந்து 60 மீட்டர் என்று திரையில் காட்டினால், 8 மீட்டர் மரத்தின் உச்சிக் கூட்டிலிருந்து 52 மீட்டர்தான். மேட்டுக்கரையில் நின்று கிளப்பினால் கணக்கு மறுபடி மாறும்.

நேரமும் முக்கியம். தமிழகத்தில் ஜனவரி உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேலிருந்து முப்பது டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும், நேர்க்கீழே பார்க்கும் அகலக் கோணக் கேமராவில் அதன் பிரதிபலிப்பு படத்தின் ஓரத்தில் விழும். ஏப்ரலில் நடுப்படத்திலேயே விழுந்து, நீரில் வெள்ளைத் திட்டாகப் பறவைகளை அழித்துவிடும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். காற்றும் குறைவு, சாய்ந்த வெயிலில் பறவையின் நிழல் நீண்டு விழும். மேலிருந்து ஒரே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் கொக்கையும் அரிவாள் மூக்கனையும் பிரிக்க, பல நேரம் கைகொடுப்பது அந்த நிழலில் தெரியும் அலகின் வளைவுதான்.

## பறவைக்கு அது என்னவாகத் தெரிகிறது?

மேலிருந்து வரும் எதுவும் பறவைக்கு முதலில் பருந்துதான். 2015இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டு வாத்து, பூநாரை, பச்சைக்கால் உள்ளான் ஆகியவற்றை நோக்கிச் சிறிய ட்ரோனை இருநூறு முறைக்கு மேல் செலுத்திப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு முறை, நான்கு மீட்டர் வரை நெருங்கியும் பறவைகள் வெளிப்படையாக அசையவில்லை. ட்ரோனின் நிறமோ வேகமோ பெரிய வேறுபாடு காட்டவில்லை. நேர் மேலிருந்து இறங்கியபோது மட்டும் மிரட்சி கூடியது.

இதைப் படித்துவிட்டு “நான்கு மீட்டர் வரை போகலாம்” என்று முடிவு செய்வது பெரிய தவறு. அசையாமல் இருப்பதும் அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல. அதே 2015இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்புக் கருவி பொருத்திப் பார்த்தபோது, ட்ரோன் வந்த நேரத்தில் பல கரடிகள் இடம்விட்டு நகரவே இல்லை, ஆனால் துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடியது.

கூட்டில் இருக்கும் பறவையின் நிலை இன்னும் வேறு. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா ஈரநிலக் காப்பகத்தில், தடையை மீறிப் பறந்த ஒரு ட்ரோன், ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிட்டிருந்த மணல்திட்டில் விழுந்தது. வேட்டைக்கு ஏதோ வந்துவிட்டது என்று மிரண்ட கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போனது, திரும்பவில்லை. சுமார் 1,500 முட்டைகள் அப்படியே கிடந்தன. விழுந்தது ஒரே ஒரு ட்ரோன்.

நம் ஏரிகளில் பறவைகள் திரும்பி வந்தாலும் சேதம் உண்டு. தாய் எழுந்து போன கூட்டை ஒட்டியே காகம் உட்கார்ந்திருக்கும். செம்பருந்தும் பூனைப்பருந்தும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இறகு முளைக்காத நாரைக் குஞ்சுக்கு வெயிலில் நிழல் தருவது தாயின் விரித்த சிறகு மட்டுமே. அது இல்லாத ஒவ்வொரு நிமிடமும் குஞ்சின் உயிருக்குக் கேடு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் ஓர் ஊரே பல தலைமுறையாக இருந்து வருகிறது. அப்படிக் காத்த கூட்டின் மேல், படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக ஒருவர் ட்ரோனைப் பத்து மீட்டருக்கு இறக்குவதை எந்த ஆய்வின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

பறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. கூட்டத்திலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி, பறவைகள் பார்வைக்கு எட்டாத இடத்தில் கிளப்பவும்.
2. அங்கேயே முழு உயரத்துக்கு ஏறிவிடவும். பிறகுதான் கிடைமட்டமாக ஏரிக்குள் போக வேண்டும். பறவைகளுக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் கூடாது.
3. முதல் பறப்பு 100 மீட்டரில். பைனாகுலரோடு ஒருவர் கரையில் இருந்து பறவைகளை மட்டுமே பார்க்க வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது. பறவை தலையை உயர்த்தி ஒரு பக்கம் சாய்த்து மேலே பார்ப்பது முதல் அறிகுறி. கூட்டில் எழுந்து நிற்பது இரண்டாவது. பக்கத்துக் கிளைக்கு நகர்வது மூன்றாவது. கூட்டமாகக் கிளம்புவது கடைசி. இரண்டாவது அறிகுறியிலேயே வெளியேற வேண்டும்.
4. வெளியேறுவது வந்த உயரத்திலேயே, வந்த வழியிலேயே.
5. கரும்பருந்தோ செம்பருந்தோ ட்ரோனைத் துரத்தினால் அன்றைய வேலை முடிந்தது. மேலே ஏற்றி, நேராக வெளியே கொண்டுவரவும். பருந்தால் செங்குத்தாக வேகமாக ஏற முடியாது.
6. முட்டை, சிறு குஞ்சுப் பருவத்தில் வெயில் ஏறிய பிறகும், மழைத் தூறலிலும் பறக்கவே கூடாது.

நீருக்கு மேல் பறப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். படகிலிருந்து கிளப்பினால், ட்ரோன் “வீடு” என்று பதிந்துகொள்வது கிளம்பிய நொடியில் படகு இருந்த இடத்தை. படகு அதற்குள் நகர்ந்திருக்கும். சிக்னல் அறுந்தாலோ பேட்டரி இறங்கினாலோ ட்ரோன் தானாகத் திரும்பி, பழைய இடத்திலேயே நிதானமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். தரையில் இருந்தே கிளப்புவதுதான் பத்திரம். திரும்பும் உயரத்தையும் ஏரியின் மிக உயரமான மரத்தைவிட 20 மீட்டராவது கூடுதலாக முன்கூட்டியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுகள் நிறைந்த மரத்திலேயே போய் மோதும்.

## படம் கிடைத்தது, எண்ணிக்கை கிடைத்ததா?

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன.

முதல் சிக்கல், ஒட்டுவது. பக்கத்துப் படங்களில் உள்ள பொதுவான புள்ளிகளைத் தேடித்தான் மென்பொருள் படங்களை இணைக்கிறது. அலை அடிக்கும் நீரில் நிலையான புள்ளி ஏது? நடு ஏரியில் வரைபடம் கிழிந்து ஓட்டை விழும். நீந்தும் வாத்து இரண்டு இடத்தில் தெரியும், அல்லது மென்பொருள் அதைத் தேய்த்து அழித்துவிடும். திறந்த நீரில் ஒட்டும் முயற்சியை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று படியாத தனித்தனிப் படங்களாக எடுத்து, ஒவ்வொரு படத்தையும் தனியாக எண்ணி, படம் மூடிய பரப்பு எவ்வளவு என்பதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுவதே முறை. மரங்கள் உள்ள பகுதிக்கு ஒட்டிய வரைபடம் சரியாக வரும்.

இரண்டாவது, மறைவு. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மர உச்சியில் கூடு கட்டும், அதனால் மேலிருந்து பளிச்சென்று தெரியும். வக்காவும் சின்ன நீர்க்காகமும் கீழ்க்கிளைகளில், இலைக்குள் கட்டும். ட்ரோன் படத்தை மட்டும் நம்பினால் நாரைகள் பெருகி, வக்காக்கள் அழிந்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி உருவாகும். இதற்கு மாற்று, சில மரங்களைத் தேர்ந்தெடுத்து அதே நாளில் கரையிலிருந்தும் எண்ணுவது. எடுத்துக்காட்டாக, 20 மரங்களில் படத்தில் 100 கூடும், நேரில் 160 கூடும் தெரிந்தால், அந்த இனத்துக்குப் பெருக்கும் எண் 1.6. ஒவ்வோர் இனத்துக்கும் இது வேறு, மரத்தின் இலையடர்த்தி மாறினாலும் வேறு. எல்லா இனத்துக்கும் ஒரே எண்ணைப் போடுவது, எண்ணாமல் விடுவதைவிட மோசம்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. ஆயிரம் படங்களைக் கண்ணால் எண்ணச் சில நாட்கள் ஆகும் என்பதால், மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். வேறு நாட்டுக் கொக்குகளை வைத்துப் பழக்கிய மென்பொருள், எச்சம் படிந்து வெளுத்த கிளையையும் மிதக்கும் பிளாஸ்டிக் பையையும் பறவை என்று எண்ணும். வேடந்தாங்கலில் மர உச்சியே வெள்ளையாகத்தான் இருக்கும். நம் ஏரியின் படங்களிலேயே பறவைகளைக் குறித்துக்கொடுத்துப் பழக்கி, பழக்காத படங்களில் சோதித்து, இரண்டு பிழைகளையும் தனித்தனியே சொல்ல வேண்டும்: இருந்த பறவைகளில் எத்தனையைத் தவறவிட்டது, பறவை என்று சொன்னவற்றில் எத்தனை பறவையே அல்ல. ஒரே ஒரு “துல்லியம் இத்தனை சதவீதம்” என்று மட்டும் அறிக்கையில் இருந்தால் அதை நம்பக் கூடாது.

## கூட்டைப் பார்க்க ட்ரோனைவிட நல்ல வழி

கூடு கட்டும் மரங்களுக்கு, கம்பத்தில் நிறுத்திய சாதாரணக் கேமராவே மேல். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஏரி வற்றிக் கிடக்கும் மாதத்தில், பறவைகள் வரும் முன்பே கம்பம் நட்டு, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும்படி வைத்துவிட வேண்டும். பறவைகள் வரும்போது கம்பமும் மரத்தோடு மரமாக இருக்கும், அதைப் பார்த்து மிரளாது.

காலை 6 முதல் மாலை 6 வரை அரை மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 25 படங்கள். 150 நாளுக்கு 3,750 படங்கள். ஒரு படம் 4 எம்.பி. என்றால் மொத்தம் 15 ஜி.பி., ஒரு 32 ஜி.பி. கார்டு தாராளம். என்றைக்கு முட்டையிட்டது, எத்தனை நாளில் குஞ்சு வந்தது, எத்தனை குஞ்சு பறந்தது என்பது இதில் கிடைக்கும். ட்ரோன் ஒரு காலைப் பொழுதின் எண்ணிக்கையைத்தான் தரும். இனப்பெருக்கம் நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள, பறந்த குஞ்சுகளின் கணக்கு அல்லவா வேண்டும்?

## இரவுக்கும் நாணலுக்கும்: தானியங்கிக் கேமரா

காட்டில் புலி எண்ணப் பயன்படும் அதே கேமராதான். வெப்பமுள்ள ஓர் உடல் குறுக்கே நகரும்போது ஏற்படும் வெப்ப வேறுபாட்டை உணர்ந்து படம் எடுக்கும். இந்த ஒரு வரியில்தான் ஈரநிலத்தில் அது ஏன் தோற்கிறது என்பதற்கும் பதில் இருக்கிறது.

நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் மேல்மயிர், நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். கேமரா அதை உணராது. ஆமைக்கும் பாம்புக்கும் சொந்த வெப்பம் இல்லை. நம் கோடையில் காற்றே 37 டிகிரியைத் தொடும்போது நரியின் உடலும் பின்னணியும் ஒன்றாகிவிடும். மறுபக்கம், வெயில் பட்டு மின்னும் அலையும் ஆடும் சம்புத் தாளும் ஓய்வில்லாமல் கேமராவை ஏமாற்றி, ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்களால் கார்டை நிரப்பும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. நீர்நாய்க்கு, கரையேறும் இடத்தில் வைக்காமல் அது எச்சமிட்டு உடலைத் துவட்டும் மணல்திட்டில் வைக்கவும். துவட்டி உலர்ந்த பிறகு கேமரா உணரும். கூடவே ஒரு நிமிட இடைவெளித் தானியங்கிப் பதிவையும் போட்டுவைப்பது நல்லது.
2. வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைக்கவும். கிழக்கும் மேற்கும் நேர்ச்சூரியன்.
3. நரி, காட்டுப்பூனைக்குத் தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உயரம், பாதையிலிருந்து 3 முதல் 5 மீட்டர். பாதைக்கு நேர் எதிரே வைக்காமல் குறுக்காகப் பார்க்க வைக்கவும், ஏனெனில் நேரே நோக்கி வரும் விலங்கை அந்த உணரி தாமதமாகவே அறியும்.
4. அந்த உயரம் வெள்ளத்துக்கும் ஓதத்துக்கும் மேலே இருக்கிறதா என்று பழைய நீர்க்கோட்டைப் பார்த்து உறுதி செய்யவும். பலர் கேமராவை இழப்பது திருட்டில் அல்ல, ஒரே இரவு மழையில்.
5. முன்னால் உள்ள புல்லையும் நாணலையும் இரண்டு மீட்டருக்குத் தாழ்த்தவும், வேரோடு பிடுங்க வேண்டாம்.
6. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றவும். எறும்பு ரப்பர் விளிம்பைக் கடித்துக் கூடு கட்டும், அங்கிருந்துதான் ஈரம் நுழையும்.
7. சார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி 1.2 வோல்ட், சாதாரணப் பேட்டரி 1.5. எட்டுப் பேட்டரி வரிசையில் 12 வோல்ட்டுக்குப் பதில் 9.6தான் வரும். சில கேமராக்களில் இதனால் இரவு வெளிச்சம் எட்டாமல், படத்தில் இரண்டு கண் மட்டும் மின்னும்.
8. மனிதர் நடமாடும் இடத்தில் சிவப்பாக ஒளிராத, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குள்ள கேமராவை வைக்கவும். வெளிச்சம் எட்டும் தூரம் சற்றுக் குறையும், ஆனால் கேமரா அங்கேயே இருக்கும்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சான்று. அங்கே தானியங்கிக் கேமராக்களை வைத்து, 176 மீன்பிடிப் பூனைகள் இருப்பதாக 2022இல் மதிப்பிட்டார்கள். கொழும்பு நகரத்தின் நடுவிலுள்ள சதுப்புகளிலும் அதே பூனை வாழ்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்ததும் இத்தகைய கேமராக்கள்தான். 176 பூனைகளையும் ஒவ்வொன்றாக யாரும் பார்க்கவில்லை. விலாப் புள்ளிகள் ஒவ்வொரு பூனைக்கும் வேறு, கைரேகை போல. முதல் சுற்றில் 20 பூனைகள், இரண்டாம் சுற்றில் 15, அதில் 6 ஏற்கெனவே பார்த்தவை என்று வைத்துக்கொள்வோம். 20ஐ 15ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 50. மறுபடி படும் விகிதத்திலிருந்து, படாதவை எத்தனை என்று கணிக்கும் இந்த எண்ணத்தின் மேல்தான் இன்றைய நுட்பமான கணக்குகள் எல்லாம் எழுந்திருக்கின்றன. புள்ளி இரு பக்கமும் வேறு என்பதால் ஓர் இடத்துக்கு எதிரெதிரே இரண்டு கேமரா வேண்டும். நரிக்குப் புள்ளியும் கிடையாது, வரியும் கிடையாது. ஆகவே நரிப் படங்களின் எண்ணிக்கையை நரிகளின் எண்ணிக்கை என்று எழுதக் கூடாது. ஒரே நரி ஓர் இரவில் பத்து முறை நடக்கும்.

வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன் பற்றி நிறைய எதிர்பார்ப்பு உண்டு. 640 பிக்சல் அகல வெப்பக் கேமராவில், 13 மி.மீ. லென்ஸோடு, 60 மீட்டரிலிருந்து ஒரு பிக்சல் ஐந்தரை செ.மீ. அதில் வாத்து ஏழு பிக்சல். இறகு நல்ல போர்வை என்பதால் உடல் வெப்பம் வெளியே தெரியாது, தலை மட்டும் மின்னும். விடியலுக்கு முன் ஒரு மணி நேரம் பயன்படும், வெயில் பட்டதும் கரையும் கிளையும் சேர்ந்து மின்னும். நீருக்குள் இருப்பது எதுவும் தெரியாது.

## சட்டம்

ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. வான்வெளி வரைபடம் இடங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், 8 முதல் 12 வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. பள்ளிக்கரணை போன்ற இடத்தில், சென்னை விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகே இருப்பதால், வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைக் கையில் எடுக்கவே கூடாது.

பச்சை மண்டலம் என்பதால் சரணாலயத்தில் பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வானத்துக்கான அனுமதி மட்டுமே. சரணாலயத்துக்குள் நுழைய, படமெடுக்க, ஆய்வு செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தனியே வேண்டும். அந்தச் சட்டம் “வேட்டை” என்பதற்குத் தரும் விளக்கத்தில் விலங்குகளை விரட்டுவதும், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமலே, ட்ரோனால் கூட்டைக் கலைத்தவர் மேல் அந்தப் பிரிவு பாயும்.

## அடுத்த ஆண்டுக்கு எதைக் குறித்துவைப்பது?

ஓர் ஆண்டின் எண்ணுக்குத் தனியே மதிப்பில்லை. அடுத்த ஆண்டோடு ஒப்பிடும்போதுதான் பெருகியதா குறைந்ததா என்று தெரியும். ஒப்பிட முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பறவை அல்ல, குறிப்பு இல்லாததுதான். முதல் ஆண்டு 60 மீட்டரில் எடுத்து, அடுத்த ஆண்டு வேறு கேமராவோடு 90 மீட்டரில் எடுத்தால், சின்ன நீர்க்காகம் “குறைந்துவிடும்”.

ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தாளில் எழுத வேண்டியவை: தேதி, கிளம்பிய நேரம், கிளம்பிய இடம், அங்கிருந்து உயரம், மர உச்சியிலிருந்து உயரம், கேமராவும் லென்ஸும், ஷட்டர் வேகம், காற்று, மேகம், ஏரி அளவுகோலில் நீர்மட்டம், கரையில் இருந்து பார்த்தவர் குறித்த பறவைகளின் மிரட்சி நிலை, எத்தனை பறவைகள் எழுந்தன, எத்தனை நிமிடத்தில் திரும்பின. கடைசி மூன்றும் விடுபட்ட தாளோடு வரும் விண்ணப்பத்துக்கு மறு ஆண்டு அனுமதி தரக் கூடாது.